மகளோடு கம்போடியா அநாதை இல்லத்துக்குத் தொண்டு செய்யப் போகலாமா? (பத்தாயிரம் அட்வான்ஸ் கட்டியாச்சு)

மார்த்தாண்டம்_டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். நம்ம குமரி மாவட்ட இணைய மன்றத்தில் எப்போதும் ரப்பர் விலையும் நாலுவழிச் சாலையும்தான் ஓடுகிறது. இது கொஞ்சம் வேறு விஷயம்.

என் மகளுக்குப் பதினாறு வயது. பிளஸ் ஒன் பரீட்சை முடிந்துவிட்டது. இந்த மே மாதத்தை விட்டால் பிளஸ் டூ, அப்புறம் கல்லூரி. அதற்குப் பிறகு அவள் என்னோடு எங்கே வரப் போகிறாள்? அவள் அப்பா மஸ்கட்டில் இருக்கிறார், இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் லீவு. அதனால் நாங்கள் இரண்டு பேர் மட்டும் எங்காவது போய் வரலாம் என்று ஆசை.

நான் மூணாறு என்றேன். அவள் கம்போடியா என்றாள். மெல்பர்னில் இருக்கும் என் அண்ணன் மகள் பள்ளியில் படிக்கும்போது அங்கே போன படங்களைப் பார்த்ததில் இருந்து இந்தப் பிடிவாதம். சியெம் ரீப் ஊரில், அங்கோர் வாட் கோயிலுக்குப் பக்கம், ஒரு அநாதை இல்லம். இரண்டு வாரம். காலையில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பது, சாயங்காலம் விளையாட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயில் பார்ப்பது. கடைசியில் சான்றிதழ் தருவார்கள், வெளிநாட்டில் படிக்க விண்ணப்பம் போடும்போது உதவுமாம். ஆன்லைனில் ஒரு ஏஜென்சியைப் பிடித்தோம். தலைக்கு 85,000 ரூபாய், விமானச் செலவு தனி. பத்தாயிரம் அட்வான்ஸ் போட்டுவிட்டேன். காத்மாண்டுவிலும் இதே மாதிரி உண்டு, அது கொஞ்சம் மலிவு என்கிறார்கள்.

யாராவது போயிருக்கிறீர்களா? எந்த வழியாகப் போவது லாபம்? பிள்ளைகளுக்கு என்ன வாங்கிப் போகலாம்? முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் கெடாமல் இருக்கும் என்று நினைக்கிறேன்.

தேன்கூடு

டீச்சர், நல்ல காரியம். போயிட்டு வாங்க. இந்தக் காலத்தில் போனைக் கீழே வைத்துவிட்டு இப்படி ஒன்றைக் கேட்கிற பிள்ளை கிடைப்பது அபூர்வம்.

நேபாளத்துக்கு நமக்கு விசா வேண்டாம். விமானத்தில் போக பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ போதும். மகளுக்குப் பாஸ்போர்ட் இல்லை என்றால் பள்ளி முதல்வர் தரும் அடையாளச் சான்றிதழ் அந்த வயதுக்குச் செல்லும். கம்போடியா என்றால் விசா வேண்டும், இ-விசாவாகவே எடுக்கலாம். திருவனந்தபுரத்தில் ஏறி கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ மாறிப் போகலாம். சியெம் ரீப்பில் 2023ல் திறந்த புது விமான நிலையம் ஊரில் இருந்து ரொம்பத் தள்ளி இருக்கிறது, டாக்சிக் காசையும் கணக்கில் வையுங்கள். முந்திரிக்கொத்து தாங்கும். மட்டிப்பழம் வேண்டாம், பெட்டியே நாறிவிடும்.

பழையாறு

டீச்சர், மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிட்டுக் காரணத்துக்கு வருகிறேன்.

நான் குழந்தைகள் பாதுகாப்பு வேலையில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். கம்போடியாவில் 2005ல் 154 அநாதை இல்லங்கள் இருந்தன. 2010ல் 269. ஐந்து வருடத்தில் 75 சதவீதம் கூடியிருக்கிறது. அந்த ஐந்து வருடத்தில் அங்கே பெரிய போரும் இல்லை, நம் ஊரில் வந்தது போல சுனாமியும் இல்லை. கூடியது சுற்றுலாப் பயணிகள். இதை எழுதியது ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப். அந்த இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தார்கள் என்பதும் அவர்கள் கணக்குதான்.

நேபாளக் கதை இன்னும் மோசம். மாவோயிஸ்ட் போர் நடந்த 1996 முதல் 2006 வரையிலான காலத்தில் ஹும்லா போன்ற மலை மாவட்டங்களுக்குத் தரகர்கள் போனார்கள். "பிள்ளையைக் காத்மாண்டுவில் படிக்க வைக்கிறோம்" என்று சொல்லிப் பெற்றவர்களிடமே பணமும் வாங்கிக்கொண்டு கூட்டி வந்து இல்லங்களில் விட்டார்கள். அப்பா அம்மா செத்துவிட்டதாகக் காகிதம் தயாரானது. அங்கே பெரும்பாலான இல்லங்கள் எங்கே இருக்கின்றன தெரியுமா? காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், சித்வான், போகரா இருக்கும் காஸ்கி. ஐந்தும் வெளிநாட்டுக்காரர்கள் சுற்றிப் பார்க்க வரும் மாவட்டங்கள். அநாதைகள் என்ன, ஏரியும் காண்டாமிருகமும் இருக்கிற இடமாகப் பார்த்தா பிறக்கிறார்கள்? 2015 ஏப்ரல் நிலநடுக்கத்துக்குப் பிறகு புது இல்லங்களுக்குப் பதிவு கொடுப்பதையே அந்த அரசு நிறுத்தி வைத்தது. பெற்றவர் துணை இல்லாமல் பிள்ளைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டு போகவும் தடை போட்டது. எதற்கு என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் 85,000 ரூபாய்தான் அந்தக் கடைக்குச் சரக்கு கேட்கிறது. கடுமையாகச் சொல்கிறேன் என்றால் மன்னிக்கவும்.

ரப்பர்பால்

வந்துட்டாங்கய்யா. ஒருத்தர் நல்லது செய்யக் கிளம்பினால் போதும், நாலு பேர் புள்ளிவிவரத்தோடு வந்துவிடுவார்கள். பத்தில் எட்டு இல்லம் திருட்டு என்றால் மீதி இரண்டில் இருக்கும் பிள்ளைகள் என்ன பாவம் செய்தன? டீச்சர் அங்கே போய் ஒரு பிள்ளையை மடியில் வைத்துக் கதை சொன்னால் உலகம் இடிந்துவிடுமா?

குளச்சல்_டு_சிட்னி

ரப்பர்பால் அண்ணே, நான் ஆஸ்திரேலியாவில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். டீச்சருடைய அண்ணன் மகள் போன காலத்தில் இங்கே பள்ளிக்கூடங்களே பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாகக் கூட்டிப் போயின. கேக் விற்று, கார் கழுவிப் பணம் சேர்த்துக்கொண்டு போவார்கள். 2017 டிசம்பரில் இங்கே பாராளுமன்றக் குழு ஒன்று நவீன அடிமைத்தனம் பற்றி அறிக்கை கொடுத்தது. அதில் அநாதை இல்லக் கடத்தலுக்கென்று தனியாக ஒரு பகுதியே இருந்தது. 2018ல் நவீன அடிமைத்தனச் சட்டம் வந்தது. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையும் குழந்தை உரிமைத் தீர்மானத்தில் இந்தத் தொண்டுச் சுற்றுலாவைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. இப்போது என் மகன் பள்ளியில் கம்போடியா என்றால் கோயில், அருங்காட்சியகம், அதோடு சரி.

அண்ணன் மகளிடமே கேளுங்கள் டீச்சர். இப்போது அவள் என்ன சொல்கிறாள் என்று.

மார்த்தாண்டம்_டீச்சர்

இப்படி ஒரு பதில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது. நான் யாருடைய பிள்ளையையும் விலைக்குக் கேட்கவில்லை பழையாறு சார். ஏழு வயதுப் பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுப்பது எனக்குத் தெரிந்த ஒரே வேலை, இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறேன். அதைத்தான் அங்கே போய்ச் செய்யலாம் என்று நினைத்தேன்.

சிட்னி தம்பி சொன்னபடி அண்ணன் மகளுக்கு போன் போட்டேன். அவள் இப்போது நர்ஸ். ரொம்ப நேரம் பேசவில்லை. "அத்தை, அந்தப் படங்களை அழிச்சிடணும்னு நினைச்சிட்டே இருந்தேன்" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பழையாறு

டீச்சர், உங்கள் மனசில் கள்ளம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன், வாத்தியாராக யோசித்துச் சொல்லுங்கள். உங்கள் இரண்டாம் வகுப்புக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு டீச்சர் மாறினால் வருடக் கடைசியில் அந்த வகுப்பு எங்கே நிற்கும்? வருகிற ஒவ்வொருத்தரும் ஏ பி சி டியில் இருந்து தொடங்குவார்கள். நிறங்கள் பாட்டு, தலை தோள் முழங்கால் பாட்டு. பிள்ளைகள் அதை நூறு தடவை பாடியிருப்பார்கள், ஆனால் இப்போதுதான் கற்றது போலப் பாடுவார்கள், ஏனென்றால் வந்தவர் சந்தோஷப்பட வேண்டும். இங்கே அரசுப் பள்ளியில் சின்ன வகுப்புக்கு டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு பாஸ் பண்ணாமல் இப்போது புதிதாக ஒரு ஆசிரியர் உள்ளே நுழைய முடியாது. அங்கே கெமர் மொழியில் ஒரு சொல் தெரியாத, பள்ளிப் படிப்பே முடிக்காத பிள்ளை ஆசிரியை.

அந்த ஏஜென்சி உங்களிடம் என்னென்ன கேட்டது? போலீஸ் சான்றிதழ் கேட்டதா?

மார்த்தாண்டம்_டீச்சர்

பாஸ்போர்ட் நகல். ஒரு போட்டோ. டீ-ஷர்ட் அளவு.

எழுதும்போதுதான் உறைக்கிறது. டீ-ஷர்ட் அளவை இரண்டு தடவை கேட்டார்கள். நான் யார், என்ன ஆள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

வார்டன்_அக்கா

எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன், இந்த டீ-ஷர்ட் என்னை உட்கார வைத்துவிட்டது.

நான் நம்ம மாவட்டத்தில் ஒரு பெண் குழந்தைகள் இல்லத்தில் பொறுப்பில் இருக்கிறேன், பெயர் வேண்டாம். எங்களுடையது பதிவு பெற்ற இல்லம். சிறார் நீதிச் சட்டம் 2015ன் 41ஆம் பிரிவுப்படி வாங்க வேண்டிய பதிவு இல்லாமல் நடத்தினால் ஒரு வருடம் வரை ஜெயில், அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், இரண்டும்கூட வரலாம். ஒரு பிள்ளை உள்ளே வருவதும் வெளியே போவதும் குழந்தைகள் நலக்குழு உத்தரவில்தான். வருகிறவர்கள் பிள்ளைகளோடு செல்ஃபி எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டால் 74ஆம் பிரிவு. ஆறு மாதம் வரை ஜெயில் அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இதைச் சொன்னால் "நாங்க என்ன திருடவா வந்தோம்" என்று கோபப்படுவார்கள். எங்கள் பிள்ளைகளின் படம் என்றால் மட்டும் யாருக்கும் அது யாருடைய பிள்ளை என்று கேட்கத் தோன்றுவதில்லை.

கம்போடியாவை விடுங்கள். இங்கே வாருங்கள். ஜூன் மாதம் எங்களுக்குப் பிரியாணி மாதம். பள்ளி திறந்ததும் ஊரில் பாதிப் பேர் பிறந்தநாள் சாப்பாடு போட வந்துவிடுவார்கள். மதியம் ஒரு வீட்டார் பிரியாணி, இராத்திரி இன்னொரு வீட்டார் பிரியாணி, மறுநாள் வயிற்றுப்போக்கு. பெயர் தெரியாத ஒரு மூன்று வயதுப் பையனுக்கு நாற்பது பெண் பிள்ளைகள் வரிசையில் நின்று ஹாப்பி பர்த்டே பாட வேண்டும். அவன் கேக் வெட்டி அவன் அம்மா வாயில் ஊட்டுவான். அதை அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இதை வேண்டாம் என்று சொன்னால் அந்த வீட்டார் அடுத்த வருடம் வேறு இல்லத்துக்குப் போய்விடுவார்கள். அரிசிக்கு நான் எங்கே போவேன்? அதனால் பாடச் சொல்கிறேன். என் குற்றமும் அதில் இருக்கிறது.

எங்களுக்கு உண்மையில் தேவைப்பட்டது என்ன தெரியுமா? போன வருடம் ஒருவர் வந்தார், பிள்ளைகளைப் பார்க்கவே இல்லை. நேராகப் பின்பக்கம் போய் செப்டிக் டேங்கைப் பார்த்தார். ஆள் வைத்துச் சரி பண்ணிக் கொடுத்தார், சாயா குடித்தார், போனார். இன்னொரு அம்மா ஆறு வருடமாக மாதாமாதம் நாப்கின் அனுப்புகிறார். முகம்கூட எனக்குத் தெரியாது.

ரப்பர்பால்

அக்கா, நீங்க சொல்றது எனக்கு உறுத்துது. என் மகள் முதல் பிறந்தநாளுக்கு நாங்களும் அப்படித்தான் போனோம். பாடினாங்க. என் மனைவி அழுதுட்டா, நல்ல மனசோடதான் அழுதா. இனி எப்படிச் செய்யலாம்னு சொல்லுங்க.

வார்டன்_அக்கா

தம்பி, காசாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள், எந்த மாதம் எது இல்லையோ அதை நாங்கள் வாங்கிக்கொள்வோம். சாப்பாடுதான் போட வேண்டும் என்றால் யாரும் வராத பிப்ரவரியில் போடுங்கள், கேக் இல்லாமல்.

கட்டுமரம்

இந்த இழையை இரண்டு நாளாக வாசிக்கிறேன். எழுதலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

நான் போர்டிங்கில் வளர்ந்தவன். 1988ல் இருந்து ஏழு வருடம். நம்ம ஊர்ப் பழைய ஆட்களுக்கு போர்டிங் என்றால் புரியும், மிஷன் காலத்தில் இருந்து வந்த சொல். போர்டில் "அநாதைக் குழந்தைகள் இல்லம்" என்று எழுதியிருக்கும், ஊரில் போர்டிங் என்பார்கள். எழுபது பையன்கள் இருந்தோம். அதில் அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லாதவர்கள் என்று பார்த்தால் நான்கு பேர். மற்ற எங்களுக்கெல்லாம் ஆள் உண்டு, காசுதான் இல்லை.

என் அப்பா கடலுக்குப் போகிறவர். எங்கள் கரையில் அப்போது வள்ளங்களுக்கு ஔட்போர்ட் எஞ்சின் வந்துகொண்டிருந்த சமயம். எஞ்சின் வைத்தவன் தூரம் போய் மீன் பிடித்தான், துடுப்புப் போட்டவன் கரைப்பக்கம் பொடிமீன் அரித்தான். அப்பா கடன் வாங்கி ஒரு பழைய எஞ்சின் வாங்கினார். ஆறு மாதத்தில் அது கேடாகிவிட்டது. கடன் மட்டும் ஓடியது. அம்மா தலையில் கடவம் சுமந்து ஊர் ஊராக மீன் விற்றார். நாங்கள் ஐந்து பேர். மூத்தவனாகிய என்னையும் அடுத்த தம்பியையும் போர்டிங்கில் சேர்த்தார்கள். சேர்க்கும்போது எழுதிய ஃபாரத்தில் அப்பா பெயருக்கு நேரே ஒரு வார்த்தை எழுதினார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வாங்கும்போதுதான் அதை நான் பார்த்தேன். "லேட்." அப்போது அப்பா வெளியே வேப்பமரத்தடியில் பீடி குடித்துக்கொண்டு நின்றார்.

வெளிநாட்டுக்காரர்கள் வருடத்துக்கு மூன்று நான்கு தடவை வருவார்கள், பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி. ஒரு வாரம் முன்பே தெரிந்துவிடும். ஏனென்றால் சாம்பாரில் காய் வரும். பெட்டியில் பூட்டி வைத்த நல்ல சட்டையைத் தருவார்கள், அவர்கள் போனதும் திரும்ப வாங்கிவிடுவார்கள். நாங்கள் ஒரு இங்கிலீஷ் பாட்டும் ஒரு ஜெர்மன் பாட்டும் வைத்திருந்தோம். ஜெர்மன் பாட்டின் அர்த்தம் இன்றைக்கும் எனக்குத் தெரியாது, ஆனால் வரி மறக்கவில்லை.

ஒரு தடவை ஒரு ஜெர்மன் அம்மாவும் அவர் மகனும் வந்து பத்து நாள் தங்கினார்கள். மகனுக்குப் பதினாறு பதினேழு வயது இருக்கும், டீச்சர் மகள் வயதுதான். எனக்கு ஒன்பது. அவன் என் பின்னாலேயே வந்தான், அல்லது நான் அவன் பின்னால் போனேன், சரியாக நினைவில்லை. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனான். என் அப்பாகூட அப்படித் தூக்கியது கிடையாது, அவருக்கு நேரம் எங்கே? ராத்திரி எனக்கு ஒரு டார்ச் லைட்டை எரிய விட்டு அணைத்துக் காட்டுவான். பத்தாவது நாள் வேன் வந்தது. அந்த அம்மா அழுதார், அவனும் அழுதான், அடுத்த வருடம் வருவேன் என்று சைகை காட்டினான். நான் அடுத்த டிசம்பர் முழுக்க கேட் பக்கம் விளையாடினேன். அடுத்த வருடம் வந்தது வேறு ஆட்கள். நான் அவர்களில் ஒருத்தன் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு அடுத்த வருடம் கையைப் பிடிப்பது எப்படி என்று எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது, யார் கையைப் பிடித்தால் பேனா கிடைக்கும் என்பது உட்பட.

இப்போது எனக்கு இரண்டு பிள்ளைகள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் என் சின்ன மகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். என் மனைவி திட்டுவாள், எனக்கு அது பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். யார் வந்தாலும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்கிற பிள்ளை நல்ல பழக்கமுள்ள பிள்ளை என்று எல்லாரும் சொல்வார்கள். நான் அப்படிப்பட்ட பிள்ளையாகத்தான் இருந்தேன்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. போர்டிங் இல்லை என்றால் நான் பன்னிரண்டு வயதில் வள்ளத்தில் ஏறியிருப்பேன். படித்தேன், வேலைக்குப் போனேன், தம்பியும் படித்தான். அந்த ஜெர்மன் காசில்தான் படித்தேன். நன்றி உண்டு. கோபமும் உண்டு. இரண்டும் ஒரே தட்டில்தான் கிடக்கிறது.

தேன்கூடு

கட்டுமரம் அண்ணாச்சி, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். முந்திரிக்கொத்து தாங்கும் என்று சொன்னவன் நான்தான்.

பழையாறு

கட்டுமரம் சொன்ன அந்த ஒட்டிக்கொள்வதைப் பற்றி ஒன்று. ருமேனியாவில் 2000ல் தொடங்கி ஒரு ஆய்வு நடந்தது. புக்கரெஸ்ட் இல்லங்களில் இருந்த 136 சின்னப் பிள்ளைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள், மற்றவர்கள் வழக்கமான பராமரிப்பில் தொடர்ந்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் அறிவிலும் பேச்சிலும் மனப்பிணைப்பிலும் முந்தினார்கள், எவ்வளவு சின்ன வயதில் போனார்களோ அவ்வளவுக்கு. இல்லத்தில் வளரும் பிள்ளைகள் முன்பின் தெரியாதவரிடமும் போய் ஒட்டிக்கொள்வதை அந்தத் துறையில் ஒரு பாதிப்பாகத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். தொண்டுக்குப் போய் வருகிறவர்கள் அதைத்தான் "என்ன பாசமான பிள்ளைகள்" என்று படம் போடுகிறார்கள்.

"லேட்" என்று எழுதிய விஷயம் நேபாளத்தில் மட்டும் நடந்ததல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 2010ல் அஸ்ஸாம், மணிப்பூரில் இருந்து தமிழ்நாட்டு இல்லங்களுக்குக் கொண்டுவரப்பட்ட 76 குழந்தைகள் விவகாரம் உச்சநீதிமன்றம் வரை போனது. தமிழ்நாட்டு அநாதை இல்லங்கள் தொடர்பாக 2007ல் தொடங்கிய வழக்கில் 2017 மே மாதம் வந்த தீர்ப்பு, எல்லா இல்லங்களையும் பதிவு செய்யச் சொன்னது. பிள்ளையை இல்லத்தில் வைப்பது கடைசி வழி என்பதுதான் இப்போது சட்டம் சொல்கிற முறை. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் குடும்பத்தோடு இருக்கும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. கஷ்டப்படுகிற குடும்பம் யாருக்காவது தெரிந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய் மனுக் கொடுக்கச் சொல்லுங்கள். அல்லது குழந்தைகள் உதவி எண் 1098க்கு அடியுங்கள். ஒரு சாயாக் கடை சினேகிதம் போதும் இந்தத் தொண்டுக்கு, பாஸ்போர்ட் வேண்டாம்.

நீரோடி

நான் தூத்தூர் பக்கம். உலகத்தில் 14 கோடி அநாதைகள் என்று இந்த ஏஜென்சிகள் எல்லாம் விளம்பரத்தில் போடும். யுனிசெஃப் கணக்கில் அப்பா அம்மாவில் ஒருவரை இழந்தாலே அந்தப் பட்டியலில் வந்துவிடும். இரண்டு பேரையும் இழந்தவர்கள் அதில் ஒன்றரைக் கோடிதான். அவர்களிலும் பலர் தாத்தா பாட்டியோடு இருப்பவர்கள்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். எங்கள் கரையில் எத்தனை வீட்டில் ஆம்பிளை திரும்பி வரவில்லை என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பிள்ளைகள் எல்லாம் அந்தக் கணக்குப்படி அநாதை. ஆனால் தாய், மாமன், சித்தி, பாட்டி என்று வீடு நிறைய ஆள் உண்டு. அப்போது வந்த ஒரு கூட்டம் பிள்ளைகளைத் தனியாக வரிசையில் நிற்க வைத்துப் பை கொடுத்துப் படம் எடுத்தது. எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா போய், "எங்க வீட்டுப் பிள்ளய அநாதைன்னு சொன்னது எவன்லே?" என்று ஒரு கேள்விதான் கேட்டார். பையை எல்லாம் அப்படியே போட்டுவிட்டு வேனில் ஏறிவிட்டார்கள். ஹும்லாவில் இப்படி ஒரு பெரியம்மா சத்தம் போட்டால் காத்மாண்டுவில் கேட்காது, அதுதான் வித்தியாசம்.

குளச்சல்_டு_சிட்னி

அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா டீச்சர்?

மார்த்தாண்டம்_டீச்சர்

மின்னஞ்சல் போட்டேன். "அட்வான்ஸ் திரும்பத் தரப்படாது, ஆனால் வேறு நாட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்" என்று பதில். கென்யா, பாலி என்று பட்டியல் வந்திருக்கிறது, அங்கேயும் இல்லங்கள்தான். சரி, பத்தாயிரம் போனது போகட்டும்.

மகளிடம் இந்த இழையை முழுக்க வாசிக்கக் கொடுத்தேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கோபம் என் மேலா உங்கள் மேலா என்று தெரியவில்லை. நேற்று ராத்திரி வந்து, சான்றிதழுக்காகத்தான் போக ஆசைப்பட்டதாக நான் நினைக்கிறேனா என்று கேட்டாள். இல்லை என்றேன். பாதி அதற்காகத்தான் என்று அவளே சொன்னாள். மீதிப் பாதி என்ன என்று நான் கேட்கவில்லை.

மே மாதம் கம்போடியா போகிறோம், ஐந்து நாள். அங்கோர் வாட் பார்க்க. அவ்வளவுதான், வெறும் டூரிஸ்ட்டாக. வந்த பிறகு என் பள்ளியில் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் ஒன்பது பேருக்குச் சனிக்கிழமைகளில் அவள் உதவி செய்வதாக ஒரு பேச்சு. நான் பக்கத்திலேயே இருப்பேன். மார்ச் வரை நிற்பாளா என்று பார்க்க வேண்டும், பிளஸ் டூ வேறு. அவள் இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டுமாம். என் கணக்கில் இருந்தே கேட்கிறாள்.

கட்டுமரம் மாமா, நான் டீச்சர் மகள். உங்களுக்கு ஸ்பான்சர் பண்ணியவர்களுக்கு நீங்கள் கடிதம் எழுதியிருக்கிறீர்களா? என்ன எழுதுவீர்கள்?

கட்டுமரம்

எழுதியிருக்கிறேன் மக்கா. வருடத்துக்கு இரண்டு கடிதம். வார்டன் கரும்பலகையில் எழுதிப் போடுவார், எழுபது பேரும் அதையே பார்த்து எழுதுவோம். நான் நலம், நீங்கள் நலமா, இங்கே மழை பெய்கிறது, நான் நன்றாகப் படிக்கிறேன், உங்களுக்காக ஜெபிக்கிறேன். கடைசி ஒரு வரி மட்டும் அவரவர் இஷ்டம். அதில் பூ, படகு எல்லாம் வரைவார்கள்.

நான் ஒரு தடவை, எங்க அப்பாவுக்கு எஞ்சின் சரி பண்ணிக் கொடுத்தால் நானும் தம்பியும் வீட்டுக்குப் போயிடுவோம் என்று எழுதினேன். எவ்வளவு ஆகும் என்றும் எழுதியிருந்தேன், அப்பாவிடம் கேட்டு வைத்திருந்தேன்.

வார்டன் அந்தக் கடிதத்தை அனுப்பவில்லை. அடுத்த தடவையில் இருந்து கடைசி வரியையும் அவரே கரும்பலகையில் எழுதிப் போட ஆரம்பித்தார்.